மலிவுன்னு யாருக்குச் சொல்றீங்க?

1/ அம்மையார்குப்பத்துல தறி ஓட்டுற ஒருத்தருக்கு ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்தா என்ன செய்வார்? யோசிச்சுப் பாருங்க.

2/ நம்ம டி செல் கண்ணுல புற்றுநோய் செல் பல நேரம் மண்ணைத் தூவிடும். அதனால டி செல்லை வெளிய எடுத்து, ஆய்வகத்துல புது ரிசெப்டர் பொருத்தித் திரும்ப ஏத்துறாங்க. அது சிடி19 இருக்கிற செல்லைத் தேடிப் பிடிச்சு அழிக்கும். இதுதான் கார்-டி.

3/ ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சுது. அமெரிக்காவுல இந்த சிகிச்சை கோடிக்கணக்குல. இங்க சுமார் 30-40 லட்சம். பெருமைதான்.

4/ ஆனா முதல்வர் காப்பீட்டுல வழக்கமான வரம்பு வருஷத்துக்கு 5 லட்சம். மீதிக்குத் தறியையும் வீட்டையும் வித்தா போதுமா? மக்கள் வரிப்பணமும் சேர்ந்து வளர்ந்த ஆய்வு இது. கை தட்டினது போதும். அரசு ஆஸ்பத்திரியில எப்போ கிடைக்கும்னு கேளுங்க.