முந்திரி மரத்துப் புழு



காடாம்புலியூர் வட்டாரத்து முந்திரித் தோப்புகளில், சில மரங்களின் அடித்தண்டிலிருந்து பிசினும் மரத்தூளும் கலந்து வழிவதைக் கண்டிருப்பீர்கள். பின்னர் இலைகள் மஞ்சளித்து உதிரும்; இறுதியில் மரமே பட்டுப்போகும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குத் தப்பிய மரத்தைக்கூட வீழ்த்த வல்லது இந்தத் தண்டுத் துளைப்பான். அதனை வெல்ல விரும்புவோர் முதலில் அதன் உடலமைப்பை அறிதல் நலம்.

பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாலானது. தலையில் ஓர் இணை உணர்கொம்புகளும், மார்பில் ஆறு கால்களும் உண்டு. பெரும்பாலானவற்றிற்கு மார்பிலேயே சிறகுகளும் உண்டு. (எட்டுக்கால் பூச்சி என்று நாம் அழைக்கும் சிலந்தி, அப்பெயராலேயே தான் பூச்சியல்ல என்று சொல்லிவிடுகிறது!) உள்ளே எலும்பில்லை, கைட்டின் கலந்த மேலோடே உடலைத் தாங்குகிறது. அவ்வோடு உடலோடு சேர்ந்து வளராதாகையால், வளரும் பருவத்தில் பலமுறை அதனைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பக்கவாட்டுத் துளைகளின் வழியே புகும் காற்று, நுண்குழாய்களால் உறுப்புகளை நேரே சென்றடைகிறது.

பூச்சியினம் தோன்றி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி பண்டைத் தாவரங்களின் எச்சமன்றோ? குஜராத்திலுள்ள வஸ்தான் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரியும் அத்தகையதே. அங்கே இறுகிய மரப்பிசினுள், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பூச்சிகள் உருக்குலையாமல் கிடைத்தன. 2010-இல் வெளியான ஆய்வில் அவை விவரிக்கப்பட்டன. அவற்றுள் எறும்பையும் தேனீயையும் இன்றும் நம்மால் அடையாளம் காண முடிகிறது.

இந்நெடுங்காலத்தில் வண்டினத்தின் முன்சிறகுகள் கடினமான உறைகளாக மாறின. புழு, கூட்டுப்புழு, வண்டு என உருமாறும் வாழ்க்கையும் பூச்சிகள் பலவற்றிற்கு வாய்த்தது. இதனால் பெற்றதும் பிள்ளையும் ஒரே உணவுக்குப் போட்டியிட வேண்டியதில்லை. வண்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சம் வகைகள் அறியப்பட்டுள்ளன.

நம் முந்திரியை அழிப்பதும் இந்த இரட்டை வாழ்க்கையே. வண்டு பட்டை இடுக்கில் முட்டையிட்டு அகன்றுவிடும். புழுவோ பட்டைக்குள் மாதக்கணக்கில் தின்று, பின் சுண்ணாம்புக் கூடு கட்டி மரத்தினுள்ளேயே உறங்கும். அங்கே மருந்து எளிதில் எட்டாது. ஆகவே பிசின் கண்டவுடனே பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட வேண்டும். அறுவடைக்குப் பின், தார் ஒரு பங்கும் மண்ணெண்ணெய் இரு பங்கும் கலந்து அடித்தண்டில் 3 அடி உயரம் பூசினால், வண்டு முட்டையிடுவது தடைப்படும். ஐயமுடையோர் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்கலாம்.

பட்டுப்போன மரத்தை வேரோடு அகற்றுவதில்தான் நம்மவர் சுணங்குகிறார்கள். விறகுக்காகுமே என்று அதனைத் தோப்பிலேயே அடுக்கி வைப்போர், உள்ளே உறங்கும் கூட்டுப்புழுக்களையும் சேர்த்தே அடுக்கி வைக்கிறார்கள்.