கடைவாயில் சிக்கிய பல்

"பல்லுவலிதானே, கிராம்புத் தைலம் வச்சா அடங்கிப்போகும்!" தோட்டத்தில் இதைச் சொல்லாத வீடு ஏது? சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வதைக்கிறோம்.

சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சந்தா விஷயமாகப் போயிருந்தேன். 18 வயதுப் பையன், உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், கன்னம் வீங்கி வாசலில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். "வாயைத் திற தம்பி" என்றால் ஒரு விரல்கூட நுழையவில்லை. "சூடுங்க, ஒத்தடம் கொடுக்கிறேன்" என்றார் தாயார். வலி மாத்திரையை ஈறிலேயே வைத்து அது வேறு வெந்துபோயிருந்தது.

அன்றே பல் டாக்டரிடம் கொண்டுபோனோம். படம் எடுத்தார். கீழ்த் தாடையின் கடைசிப் பல், அதாவது ஞானப்பல், வெளியே வர இடமின்றிச் சாய்ந்து முன்பல்லை முட்டிக்கொண்டு பாதி எலும்புக்குள்ளேயே நிற்கிறது. மேலே மூடிய ஈறுக்கடியில் சோறு புகுந்து சீழ் பிடித்திருக்கிறது. இந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும்!

சின்னப் பிள்ளைகளுக்கும் இது வரும். ஆறு வயதில் பால்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறோம். நிலைத்த பல் அது, ஐயா! சில பிள்ளைகளுக்கு அது முன்னாலுள்ள பால்பல்லில் மாட்டிக்கொள்ளும். 12 வயதில் வரும் அடுத்த பல்லும் அப்படியே சிக்கலாம். ஒரு பக்கம் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் காணோமென்றால் உடனே காட்டுங்கள். எல்லாவற்றையும் பிடுங்குவதில்லை. சீக்கிரம் போனால் சில பற்களை நேராக்கியே விடுகிறார்கள். பள்ளிக்கு வரும் பல் நர்ஸ் கொடுத்தனுப்பும் கடிதம் புத்தகப் பையிலேயே கிடக்கிறதே, அதை எடுத்துப் படித்தோமா? என் வீட்டிலும் ஒன்று கிடந்தது, மறைப்பானேன்.

"ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்று வேலைக்குப் போகும் பையன்கள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். போகாது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி.க்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பையனுக்குப் பல்லை எடுத்தாயிற்று. எம்.சி.யைக் காட்டியபோது, "பல்லுக்கெல்லாம் லீவா?" என்று கிராணி சிரித்தாராம். சட்டப் புத்தகத்தோடு வருகிற வெள்ளிக்கிழமை அந்த ஆபீசுக்குப் போகிறேன்.