அரிதென்று அயர்தல்

ஒரு நோய் ஒரு நாட்டில் அருகும்போது, அதனை இனங்காணும் கண்ணும் அங்கே அருகிவிடுகின்றது. நோய் மலிந்த ஊரில் மருத்துவரின் முதல் ஐயம் அதன்மேற் செல்லும். அருகிய ஊரில் அவ்வையம் ஏனைய ஐயங்கள் யாவும் தீர்ந்த பின்னரே எழும், சில வேளைகளில் எழாமலே போகும். ஆதலால், ஒரு நோயைக் குறைத்த பெருமைக்கு உரிய நாடு, எஞ்சியிருக்கும் சிலருக்குக் கூடுதலான கடமைப்பட்டது என்பது எமது துணிபு.

இதற்கு எமது வரலாற்றிலேயே சான்று உண்டு. 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்ற மலேரியா, 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேரிடம் மட்டுமே காணப்படும் அளவுக்கு ஒடுக்கப்பட்டது. ஒடுங்கியதை ஒழிந்ததாகக் கருதி மருந்து தெளிப்பதை நிறுத்தினோம். குருதிச் சோதனையிலும் தளர்ந்தோம். 1968இலும் 1969இலும் அது திரும்பி வந்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் வீழ்த்தியது. காய்ச்சலோடு வந்தோரின் குருதியைச் சலியாது நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த பணியாளரின் உழைப்பு, பல பத்தாண்டுகள் கழித்தே பலித்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது.

எச்.ஐ.வி. இன்று அதே இடத்தில் நிற்கின்றது. இந்தியாவில் முதன்முதலாக 1986இல் சென்னையில் வெளிப்பட்ட இத்தொற்று, அடுத்த ஆண்டே இலங்கையர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது. ஆயினும் இன்றுவரை வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவையும் அது எட்டவில்லை. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றும் 2019இல் எமக்குக் கிடைத்தது. இவை மெய்யான வெற்றிகளே. ஆனால், இவ்வெற்றிகளின் நிழலில், தமக்குள் வைரசு இருப்பதை அறியாமலே ஆண்டுகளைக் கழித்து, எதிர்ப்பாற்றல் முற்றாக இற்ற பின்னர் மூளை நோயுடன் வந்துசேரும் சிலர் இருக்கின்றனர். எமது கவலை அவர்களைப் பற்றியது.

அம்மூளை நோய்களுள் ஒன்றுக்குக் காரணம், 1908இல் தூனிசு நகரில் ஒரு சிறு கொறிவிலங்கினுள் காணப்பட்ட தொக்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணி. அது மனித குலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் உடலில் உறங்குவதாகக் கணிக்கப்படுகின்றது. நன்கு வேகாத இறைச்சியாலும், பூனையின் மலம் கலந்த மண்ணாலும் நீராலும் அது உட்புகும். (இதனைப் படித்தவுடன் வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி வாவிக்கரையில் விட்டுவர எவரும் விரைய வேண்டா, மூளையில் விழித்தெழுவது பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன் புகுந்த கிருமியே.) நலமுள்ளோரின் குருதியில் ஒரு கனமில்லிமீற்றருக்கு ஐந்நூறுக்கு மேல் இருக்கும் சி.டி.4 என்னும் எதிர்ப்பாற்றல் அணுக்கள் எச்.ஐ.வி.யால் நூறுக்குக் கீழ் வீழும்போது, காவலற்ற மூளையில் அது பெருகத் தொடங்குகின்றது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலை நம்பி வாழும் ஒருவருக்குத் தலையிடியும் காய்ச்சலும் நீடித்து, இடக்கை சோர்ந்து, நாக் குழறுகின்றது எனக் கொள்வோம். வீட்டார் பாரிசவாதம் என்று பரிசாரியாரிடம் எண்ணெய் வாங்குவர். பிதற்றல் மிகுந்தால் கழிப்புக் கழித்து நூல் கட்டுவர். வலிப்பு வந்த பிறகே பாலங்கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவருவர். அவர்களைக் குறைகூறும் எண்ணம் எமக்கில்லை. ஏனெனில், இந்நாட்டின் எந்த வைத்தியசாலையிலும், அதே பாரிசவாதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கட்டிலின் தலைமாட்டுச் சீட்டில் தொங்கக்கூடும்.

தொக்சோபிளாசுமாவால் வரும் இம்மூளை நோயை நிறுவுவது எளிதன்று என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும். ஸ்கான் படத்தில் வளையம்போல் ஒளிரும் கட்டிகள் தோன்றும்; ஆயின், எமது மண்ணில் மலிந்த காசநோயும், மூளையில் எழும் நிணநீர்ப் புற்றும் அதே வடிவில் தோன்றவல்லவை. குருதியிலுள்ள எதிர்பொருள் பழைய தொற்றுக்குச் சான்றேயன்றி இன்றைய கட்டிக்குச் சான்றன்று. அது இல்லாமை மட்டுமே ஐயத்தைப் பெரிதும் தணிக்கும். மண்டையோட்டைத் துளைத்துத் திசு எடுப்பதோ இறுதி வழி. ஆகவே இங்கு மருந்தே உரைகல்லாகின்றது: ஒட்டுண்ணிக்குரிய சிகிச்சையைத் தொடங்கிப் பத்துப் பதினான்கு நாட்கள் நோக்கினால், கட்டி சுருங்குவோரிடம் நோய் தன்னைத் தானே ஒப்புக்கொள்கின்றது, சுருங்காதோரிடம் காசத்தையும் புற்றையும் தேடவேண்டும். வீக்கம் தணிக்கும் ஸ்டெரொயிட் மருந்தைத் தேவையின்றிக் கொடுத்தால் இவ்வுரைகல்லும் பொய்க்கும். நிணநீர்ப் புற்றையும் அது தற்காலிகமாகச் சுருக்கிவிடும்.

இத்தனை நுணுக்கமும் ஒரே ஒரு கேள்வியின் பின்னரே பயன்படும்: இவருக்கு எச்.ஐ.வி. உண்டா? அக்கேள்வி எழாதபோது ஸ்கான் படம் வெறும் நிழற்படமே. கேள்வி எழாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. நோயாளியின் முகத்தையும் குடும்பத்தையும் பார்த்து, 'இவருக்கு இருக்காது' என்று நற்சான்று வழங்கும் மனப்போக்கும் காரணம். மரியாதைபோல் தோன்றும் இந்நற்சான்று உயிருக்கு உலை வைக்கும்.

மருந்து எட்டாக்கனி அன்று. பிரிமெதமின் என்னும் பழைய மாத்திரையின் விலையை 2015இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பதின்மூன்றரை டொலரிலிருந்து 750 டொலராக உயர்த்தி உலகின் சினத்துக்கு ஆளானது உண்மையே. ஆயினும், மலிவான கோட்ரைமொக்சசோல் இந்நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் வல்லது, எச்.ஐ.வி. மருந்துகளும் அரச சிகிச்சை நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தொற்று உறுதியான அன்றே சி.டி.4 எண்ணிக்கையைப் பார்ப்பதும், அது தாழ்ந்திருந்தால் தடுப்பு மருந்தைத் தொடங்குவதும் தவிர்க்கலாகாதவை.

மறைகாத்தலும் அத்தகையதே. ஒருவரின் உறவுமுறையை ஊரே சொல்லவல்ல இம்மாவட்டத்தில், ஒரு நோயாளியின் பெயர் வைத்தியசாலை விடுதியின் வாசலைத் தாண்டினால், அதனைக் கேள்வியுற்ற பத்துப் பேர் சோதனைக்கு வாரார்.

சுகாதாரத் துறையினரிடம் நாம் வேண்டுவது இதுவே: காரணம் விளங்காத வலிப்போடோ, ஒருபக்கச் சோர்வோடோ, மூளைக்கட்டியோடோ வரும் ஒவ்வொரு வயதுவந்தவரிடமும், அவர் எழுவான்கரையராயினும் படுவான்கரையராயினும், எம்மதத்தவராயினும், ஒப்புதல் பெற்று எச்.ஐ.வி. சோதனை செய்யுங்கள். அதற்கு வேண்டியது சில துளிக் குருதி. முதற்கட்ட விடை அரை மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும்.