மல்லாட்டை மூட்டையும் எலி மருந்தும்

மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வீடு வந்து சேர்வது ஐப்பசி, கார்த்திகையில். மழை வலுப்பதும் அப்போதுதான். வெளியே ஈரம், உள்ளே தீனி. எலிக்கு வேறென்ன வேண்டும்? திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மூட்டைகளை அடுக்குவோம். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் கொறிக்கும் சத்தம் தொடங்கிவிடும். காலையில் பார்த்தால் சாக்கில் ஓட்டை, அடியில் உரித்த தோல், பரணில் வைத்த போர்வையிலும் பல் பட்டிருக்கும். மலையடிவாரத்து வீடுகளில் இன்னொரு பயமும் உண்டு. எலி வந்த வழியே பாம்பும் வரும்.

"ஒரு டியூப் மருந்து வாங்கி தக்காளியில தடவி வெச்சிடு, ரெண்டு நாள்ல தீந்துரும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எங்கள் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. குழந்தை இல்லாவிட்டாலும் நான் வேண்டாமென்றே சொல்லியிருப்பேன்.

அந்த டியூப் மருந்தில் இருந்தது மஞ்சள் பாஸ்பரஸ். மனித உடலுக்குள் போனால் அது குறிவைப்பது கல்லீரலை. முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. பிறகு ஓரிரு நாள் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் கண் மஞ்சளாகும், கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தை லேசாக வாயில் வைத்தது என்று சந்தேகம் வந்தால்கூட, அறிகுறிக்குக் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நன்றாக விளையாடுகிறதே என்று இருந்துவிடக் கூடாது.

மனம் உடைந்த ஒரு பொழுதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாத பொருளும் அது. தமிழக அரசு 2023-இல் மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்துக்குத் தடை அறிவித்ததற்கு அப்படி நேர்ந்த மரணங்களே காரணம். தடைக்கு முன் வாங்கியது இன்னும் உங்கள் பரணில் கிடக்கலாம். இன்றே தேடிப் பாருங்கள்.

வேறு மருந்துகள் பரவாயில்லை என்றும் நினைக்க முடியவில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். யாரும் எதையும் தின்னவில்லை. உறங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பசை அட்டையையும் என்னால் ஏற்க முடியாது. ஒட்டிக்கொண்ட எலி இரவெல்லாம் துடித்துச் சாகும். இந்த அட்டையைத் தடைசெய்யச் சொல்லி விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

மருந்தும் அட்டையும் இல்லாமல் என்ன செய்வது? எங்கள் பக்கத்து இருளர்கள் வயலில் எலி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். எடுத்தவுடன் புகை போட மாட்டார்கள். வளைக்கு எத்தனை வாசல் என்று வரப்பைச் சுற்றிப் பார்த்து, மற்றவற்றை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் ஒரு வாசலில் பானைப் புகையை ஊதுவார்கள். வீட்டுக்கும் அதுவே முதல் வேலை. சுண்டெலி நுழைய சுண்டுவிரல் நுழையும் சந்து தாராளம். கதவின் அடி, குளியலறைத் தண்ணீர் போகும் துளை, மின்கம்பி வரும் ஓட்டை, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். துணியைத் திணித்தால் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும்.

அடுத்தது மூட்டை. "சுவத்த ஒட்டி அடுக்காத, பலகை மேல வை" என்பார் பாட்டி. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் விட்டால் எலிக்கு ஒளிய இடமில்லை, நமக்குப் பெருக்கவும் வசதி.

மிச்சமிருக்கும் எலிகளுக்குக் கூண்டுப் பொறி. மசால் வடைதான் பேர்பெற்றது. ஆனால் எங்கள் வீட்டில் சுட்ட கருவாடுதான் வேலை செய்கிறது. சுவரோரமாக மூக்கை நீட்டிக்கொண்டு கீச்சிட்டபடி ஓடும் மூஞ்சூறு மாட்டினால் அப்போதே விட்டுவிடுகிறோம். கரப்பானையும் பூச்சிகளையும் தின்பது அது. மல்லாட்டைக்காக வந்ததல்ல.

எலி மாட்டினால் அப்பா கூண்டை விடியற்காலையில் வீடுகளைத் தாண்டி சமுத்திரம் ஏரிப் பக்கம் எடுத்துப் போகிறார். அடுத்த தெருவில் திறந்துவிட்டால் அது இன்னொரு வீட்டுக்குப் போகும், இல்லையேல் நம்மிடமே திரும்பும். எலிக் காய்ச்சல் அதன் சிறுநீரால் பரவுவது என்பதால் திரும்பி வந்ததும் கூண்டைக் கழுவி வெயிலில் வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் காபி.

சத்தம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மேற்குச் சுவரில் குழாய் போகும் ஓட்டை மட்டும் பாக்கி. கொத்தனார் கார்த்திகை தீபம் முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை இரும்பு நார்.