நானூறு மீட்டரும் கடிகாரமும்

ஸ்கூபா பயிற்சியில் சேருகிறவர்களிடம் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. முதுகில் காற்றடைத்த சிலிண்டர், வாயில் அதன் குழாய், உடலில் ஊதி மிதக்கவைக்கும் மேலங்கி, காலில் துடுப்பு. இத்தனையும் இருக்க நீச்சல் தேர்வு எதற்கு? அதிலும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் குறிப்பது எதற்கு? கடலுக்கடியில் மெதுவாக நகர்பவனே நல்ல முக்குளிப்பாளன். அவசரப்படுபவனுக்குக் காற்று விரைவில் தீர்ந்துபோகும். நிதானத்தையே ஒழுக்கமாகக் கொண்ட ஒரு கலையின் வாசலில் வேகத்தை அளக்கும் ஆளை நிறுத்திவைப்பது முரணாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அந்தக் கடிகாரம் அங்கே இருந்தாக வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தொடக்கநிலையில் கடிகாரம் கிடையாது. 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'பாடி' அமைப்பின் (தமிழ்க் காதுக்கு இப்பெயர் வேறெதையோ நினைவூட்டும், போகட்டும்) அடிப்படைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவேண்டும். அல்லது முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், துடுப்புகளோடு 300 மீட்டர். கூடவே 10 நிமிடம் மிதக்கவேண்டும். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. இது சரியான ஏற்பாடு. தண்ணீருக்குப் பழகும் மனிதனை விரட்டக்கூடாது.

கடிகாரம் நுழைவது டைவ்மாஸ்டர் நிலையில், அதாவது பிறரைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் தகுதி கேட்கப்படும் இடத்தில். உபகரணம் ஏதுமின்றி 400 மீட்டர். 6 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 5 மதிப்பெண், 8:40க்குள் 4, 10:50க்குள் 3, 13 நிமிடத்துக்குள் 2, அதற்கும் மேலானால் 1. (ஒப்பிட்டுப் பார்க்க: 2009இல் ரோம் நகரில் பால் பீடர்மன் இதே தூரத்தை 3:40.07இல் கடந்தார், அந்தச் சாதனை 2025 வரை நின்றது.) இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்தது கடைசி வரி. எவ்வளவு தாமதமானாலும் ஒரு மதிப்பெண் உண்டு. ஆனால் இடையில் நின்றுவிட்டால் நீந்தியது கணக்கில் வராது.

இதற்குத் தயாராகிறவர்களில் இருவகையினரைக் காணலாம். முதல் வகையினர் கிணற்றில் கற்றவர்கள். சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதித்தவர்களின் துணிச்சலுக்குக் குறைவே இல்லை. ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடலை இழுத்துச் செல்வதில் பாதி வலிமை போய்விடும். பத்தடி அகலக் கிணற்றில் இது தெரியவே தெரியாது. நூறாவது மீட்டரில் தெரியும். இரண்டாம் வகையினர் நகரத்து நீச்சல்குளத்தில் கற்றவர்கள். முகத்தை நீரில் அமிழ்த்தத் தெரியும்; ஆனால் அமிழ்த்தியவுடன் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். தலையைத் திருப்பும் அரை விநாடியில் பழைய மூச்சை வெளியேற்றிப் புதியதையும் இழுக்க முனைவார்கள். எதுவும் முழுமையாக நடப்பதில்லை. தவிப்பு தொடங்கிவிடுகிறது.

இந்தத் தவிப்பைப் பெரும்பாலோர் பிராணவாயுக் குறைவு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் மூச்சுவிடத் தூண்டுவது முதன்மையாக உடலில் சேரும் கரியமில வாயுதான். ஆகவே இதற்கு மருந்து அதிகமாக உள்ளிழுப்பதன்று. முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் சீராக வெளியே விடுவது. மூச்சை அடக்குவதைப் பெரும்பேறாகப் போற்றிவந்த மரபு நம்முடையது. யோகியானாலும் முத்துக்குளிப்பவரானாலும் அடக்கியவரையே வியந்திருக்கிறோம். ஸ்கூபாவின் முதல் விதியோ இதற்கு நேர் எதிரானது: மூச்சை ஒருபோதும் பிடித்துவைக்காதே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இருமடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இருமடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். நீச்சல் தேர்வுக்காக மாதக்கணக்கில் குமிழி விட்டுப் பழகியவனின் உடல் இந்தப் பாடத்தைப் பாதி கற்றுக்கொண்டுதான் கடலுக்கு வருகிறது. தேர்வை வகுத்தவர்கள் இதை எண்ணித்தான் வகுத்தார்களா என்பது வேறு விஷயம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தேர்வு நெருங்குகையில் சிலர் ஆழமாக வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுத்துவிட்டு, நீருக்கடியிலேயே குளத்தின் நீளத்தைக் கடந்து 'நுரையீரலைப் பலப்படுத்துகிறார்கள்'. இது பயிற்சியன்று. வேகமூச்சு கரியமில வாயுவை வெளியேற்றிவிடுவதால் தவிப்பு என்னும் எச்சரிக்கை மணி தாமதமாகிறது. மணி அடிக்கும் முன்பே நினைவு தப்பிவிடலாம். நல்ல நீச்சல்காரர்களே இப்படி நெஞ்சளவு நீரில் இறந்திருக்கிறார்கள். 400 மீட்டருக்கு இந்த வித்தை எதுவும் தேவையில்லை. 50 மீட்டராக எட்டு முறை, இடையில் இருபது விநாடி ஓய்வு. பிறகு 100ஆக நான்கு, 200ஆக இரண்டு. ஒவ்வொரு 50 மீட்டருக்கும் 1 நிமிடம் 21 விநாடி போதும், 10:50 கைக்கு வந்துவிடும். கடினமானது முதல் நூறு மீட்டரில் கையைக் கட்டுப்படுத்துவதுதான். பக்கத்துத் தடத்தில் ஒருவர் முந்துவதைப் பார்த்துக்கொண்டு நிதானமாக இருப்பது நம்மில் பலருக்கு முடியாத காரியம்.

சரி, கடிகாரம் எதற்கு? அதே தேர்வுத் தொகுதியில் இன்னொன்றும் இருக்கிறது: செயலற்றுக் கிடக்கும் ஒருவரை, இருவருமே முழு உபகரணத்தோடு இருக்க, 100 மீட்டர் இழுத்துச் செல்வது. அதற்கும் நேரக்கணக்கு உண்டு. சிலிண்டர் தீர்ந்து, நீரோட்டம் இழுத்து, படகு எங்கோ தள்ளி நிற்கையில், மேற்பரப்பில் மிதக்கும் அந்த இன்னொருவருக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாட்களில், படகிலிருந்து கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருப்பாராம். உடன்பிறந்தவளின் தாலி கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்று அறிந்தவர் கண்ணயரமாட்டார் அல்லவா. விடுமுறைக்கு வந்து காசு கட்டிக் கடலுக்குள் இறங்குபவருக்கு டைவ்மாஸ்டர் மைத்துனர் இல்லை. முன்பின் அறியாதவர். அவரை நம்பலாமா என்று சோதிக்க ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

கடிகாரத்தின் மீது எனக்குள்ள குறை வேறு. 25 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் நீந்துகிறவர் பதினைந்து முறை சுவரை உதைத்துத் திரும்புகிறார். ஒவ்வோர் உதையிலும் சில மீட்டர் இலவசம், ஒரு கணம் இளைப்பாறலும். தேர்வைக் குளத்திலோ கடலிலோ நடத்தலாம் என்று விதி இடம் தருகிறது. பயிற்சியாளர்கள் பலரும் வசதி கருதிக் குளத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒருமுறையாவது, துணைக்கு ஒரு படகோடு, இரண்டு மிதவைகளுக்கிடையே உப்புநீரில் அந்தத் தூரத்தை நீந்திப் பார்த்துவிடுங்கள். அங்கே வரும் நேரத்தைத்தான் உங்களுடையது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.