பறையும் பழியும்

‘பறை’ என்னும் சொல்லைப் பாடசாலை மேடையிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பர் நம்மவருள் சிலர். அது சாதியை நினைவூட்டுகிறதாம். ‘தோற்கருவி’ என்றாலே போதுமாம். நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் இது நோயை விட்டு நோயின் பெயரை மாற்றும் வைத்தியம்.

அச்சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்பதே பொதுவழக்கு. ‘சும்மா பறையாதை’ என்று பிள்ளையை அதட்டுவது யாழ்ப்பாணத்து வழக்கு. தொல்காப்பியர் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் கருப்பொருள்களுள் வைத்தார். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்தோர் வகுத்தனர். புறநானூற்றில் மாங்குடி கிழார் பறையன் குடியைச் சிறந்த குடிகள் நான்கனுள் ஒன்றாக எண்ணினார். திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் வேண்டியதும் பறையே. வைணவ உரைகாரர் அதற்கு இறைதொண்டு எனப் பொருள் விரித்தனர். மார்கழியில் பாடும்போது புனிதமாகிய சொல், மனிதரைக் குறிக்கும்போது மட்டும் தீண்டத்தகாததானது எவ்வாறு?

விடை சொல்லில் இல்லை. பறையடித்தலைப் பிறப்பின் கடமையாக்கிய நிலவுடைமை ஒழுங்கிலேயே இருக்கிறது. பிணத்தின் முன்னே அடி, கோயிலுக்கு வெளியே நில், கொடுத்ததை வாங்கிக்கொள். இக்கட்டளைகளே பெயருக்குப் பழி தேடின. பழி கடலும் கடந்தது. தென்னிந்தியாவில் ஐரோப்பியர் கேட்ட சாதிப்பெயர் அவர்தம் மொழிகளில் ‘பரியா’ ஆயிற்று. 1821இல் பிரெஞ்சு நாடகாசிரியர் தெலவீஞ்ஞும், 1823இல் ஜேர்மன் நாடகாசிரியர் மைக்கேல் பேரும் அதனையே தம் நாடகங்களுக்குத் தலைப்பாக்கினர். 1944இல் ஹன்னா ஆரென்ட் யூதரின் நிலையை விளக்க அச்சொல்லையே எடுத்தாண்டார். இன்று ஓர் அரசை உலகப் பத்திரிகைகள் ‘பரியா’ என்று எழுதும்போது அதில் பறையின் ஓசை இல்லை. விலக்கிவைத்தல் என்னும் பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கருவி மறைந்த பின்னும் கொடுமை நிலைத்தது. பெயரை மறைத்தால் இழிவு மறையும் என்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

பறையை ஆதித் தமிழிசை என்று மேடையேற்றிப் புகழ்வோரிடமும் ஒரு கேள்வி உண்டு. அதனை இதுவரை அடித்து வந்தவரை உங்கள் வீட்டுப் பந்தியில் இருத்துவீர்களா? 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது; பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கோயிலுள் நுழைவதற்குப் போராட வேண்டியிருந்தது. சட்டமே திறவாத கதவை வெறும் புகழ்ச்சி திறந்துவிடுமா?

அடிமைக்குறியென்று பறையைத் துறந்தோரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. விரும்பி எடுப்போரைத் தடுக்கவும் உரிமை இல்லை. யாரும் பிறப்பின் பேரால் அதனைச் சுமக்கலாகாது என்பதே நமது கோரிக்கையாக வேண்டும். பறையை அதன் பெயராலேயே அழைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். கற்பிக்க வரும் கலைஞருக்கு ஏனைய ஆசிரியர்க்குரிய ஊதியத்தையும், அவர்கள் நடுவே ஒரு கதிரையையும் முதலில் கொடுப்போம்.