6,000 பேர் வாழும் ஊருக்கு 2.78 லட்சம் பேர்: கோல்ஃப் போட்டியால் சுற்றுலா வளருமா?

போர்ட்ரஷ். வட அயர்லாந்தின் வடக்குக் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 6,000. 2025 ஜூலையில் இங்கே நடந்த ‘தி ஓப்பன்’ கோல்ஃப் போட்டி வாரத்தில் பதிவான பார்வையாளர் வருகை சுமார் 2.78 லட்சம். ஸ்காட்டி ஷெஃப்லர் கோப்பையைத் தட்டிச் சென்றார். ஊருக்கு என்ன கிடைத்தது?

ஏன் இந்த ஊர்?

ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் ஓப்பன் முதன்முதலில் நடந்தது 1951-ல். அடுத்தது 2019-ல்தான். இடையில் 68 ஆண்டுகள்! அதில் சுமார் 30 ஆண்டுகள் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடுமாகப் போனது. 1998-ல் புனித வெள்ளி ஒப்பந்தம் வந்த பிறகே நிலைமை மாறியது.

2010, 2011-ல் கிரேம் மெக்டொவல், ரோரி மெக்கில்ராய், டேரன் கிளார்க் என மூன்று வட அயர்லாந்து வீரர்கள் பெரிய பட்டங்களை வென்றார்கள். 2012-ல் இதே ஊரில் ஐரிஷ் ஓப்பன் நடந்தது, கூட்டம் அலைமோதியது. ‘இங்கே பெரிய போட்டி நடத்தலாம்’ என்ற நம்பிக்கை அப்போதுதான் வலுத்தது. அடுத்த 7 ஆண்டுகளில் மைதானத்தில் இரண்டு புதிய ‘ஹோல்’கள் அமைக்கப்பட்டன, ரயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டது.

வருமானக் கணக்கு என்ன?

2019 போட்டியால் 10 கோடி பவுண்டுக்கு மேல் பலன் என்று ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னது. 2025-க்கு 21.3 கோடி பவுண்டு என்று முன்கணித்தார்கள்.

ஆனா இங்கதான் கவனிக்கணும். 2019 கணக்கில் பொருளாதாரத்துக்குள் வந்த பணம் சுமார் 4.5 கோடி பவுண்டுதான். மீதியில் பெரும்பங்கு விளம்பர மதிப்பு. அதாவது, டிவியில் இந்தக் கடற்கரை இத்தனை மணி நேரம் தெரிந்ததே, அதற்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற கணக்கு. அது யாருடைய கல்லாவிலும் விழுந்த காசு இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்தவர் அடுத்த வருஷம் டிக்கெட் போட்டு வந்தால்தான் அது காசாகும்.

வந்தவர்கள் என்ன பார்ப்பாங்க?

இதில் போர்ட்ரஷ் அதிர்ஷ்டசாலி. யுனெஸ்கோ பாரம்பரியத் தலமான ஜயன்ட்ஸ் காஸ்வே, டன்லூஸ் கோட்டை, புஷ்மில்ஸ் விஸ்கி ஆலை எல்லாமே பக்கத்தில். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ படமான டார்க் ஹெட்ஜஸும் தூரமில்லை. கோல்ஃபுக்கு வந்தவரை இன்னும் இரண்டு நாள் தங்க வைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத ஊரில், ஞாயிறு மாலையே கூட்டம் கிளம்பிவிடும்.

சிக்கல் எங்கே?

ஒன்று, எல்லை. அமெரிக்கப் பயணிகளில் பலர் டப்ளினில் இறங்கி, சாலை வழியாக வடக்கே வருகிறார்கள். அயர்லாந்து குடியரசுக்கு அவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி என்பதால், 2025 ஜனவரி முதல் அவர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டு ஆனது. ‘ஒரு நாள் பயணத்துக்கு எதுக்கு இந்தத் தலைவலி’ என்று வடக்கைத் தவிர்த்துவிடுவார்களோ என்பது சுற்றுலாத் துறையினரின் கவலை. தீவு முழுவதையும் ஒரே இடமாக வெளிநாடுகளில் விளம்பரப்படுத்துவது ‘டூரிஸம் அயர்லாந்து’. நுழைவு விதிகளோ இரண்டு!

இன்னொன்று, வீடு. இந்தக் கடற்கரையில் விடுமுறைக்கு மட்டும் திறக்கும் இரண்டாவது வீடுகள் நிறைய. சுற்றுலா சூடுபிடிக்கும்போது வீட்டை வாரக்கணக்கில் வாடகைக்கு விடுவதில்தான் லாபம். வீட்டு உரிமையாளருக்குக் கொண்டாட்டம். அதே ஊரில் ஹோட்டலில் வேலை பார்க்கும் இளைஞருக்கு வருஷம் முழுக்கத் தங்க இடம் தேடுவது திண்டாட்டம்.

அப்போ இது லாபமா, நஷ்டமா?

லாபம்தான். ஆனால் யாருக்கு, எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. 2027-ல் ரைடர் கோப்பை அயர்லாந்து குடியரசின் அடேர் கிராமத்தில் நடக்கிறது. அங்கேயும் பிரம்மாண்டமான கோடிகளில் அறிவிப்பு வரும். அப்போது இரண்டு விஷயம் கேளுங்க: அதில் கைக்கு வந்த காசு எவ்வளவு? கூடாரங்களைப் பிரித்த பிறகு, மழைபெய்யும் நவம்பரில் அந்த ஊர் ஹோட்டலில் எத்தனை அறையில் விளக்கு எரிகிறது?